குழந்தைக்குக் குடலிறக்க ஆபரேஷன்: முதல் வீக்கத்திலிருந்து தையல் ஆறும்வரை

என் மகனுக்கு ஆபரேஷன் நடந்தது முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்துக்குப் போய்ச் சேர எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. அதில் சர்ஜன் காக்கவைத்தது ஒரு வாரம்கூட இருக்காது. மிச்சமெல்லாம் எங்கள் அறியாமை, சளி, இனிஷியல். எங்களுக்கு ஆனது உங்களுக்கு ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்த அம்மா, அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண் குழந்தைக்கு விதை வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முன் விதைப்பைக்கு இறங்குகிறது. அது இறங்கிய வழி பிறகு தானாக மூடிக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு மூடுவதில்லை. அந்தத் திறப்பு வழியே குடல் பிதுங்குவதுதான் தொடை இடுக்கில் வரும் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. பெண் குழந்தைக்கும் அதே இடத்தில் இப்படி ஒரு வழி உண்டு. அதனால் அவர்களுக்கும் வரும், ஆனால் குறைவு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அதிகம். ஆகவே "பிள்ளையை அழவிட்டே, அதான் குடல் இறங்கிடுச்சு" என்று யாராவது உங்களைச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அழும்போது வெளியே தெரிகிறது. வழி பிறக்கும்போதே திறந்திருந்தது.

1. முதலில் போனை எடுங்கள்

என் அத்தைதான் பார்த்தார். பையனுக்கு அப்போது ஒரு வயது நான்கு மாதம். குளியல் தொட்டியில் நிற்கவைத்துத் தலைக்கு ஊற்றும்போது சோப்பு கண்ணில் பட்டு வீறிட்டான். வலது பக்கம், தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. துண்டை எடுத்துத் துவட்டி முடிப்பதற்குள் காணவில்லை. "ஓதம் இறங்கியிருக்கு போல, காட்டு" என்றார்.

காட்டப் போனோம். டாக்டர் அறையில் பையன் என் தோளில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அங்கே என்ன தெரியும்? ஒன்றும் தெரியவில்லை.

வீக்கம் வரும்போது வீடியோ எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படத்தில் தெரியவேண்டும். நிற்கவைத்து ஒன்று, படுக்கவைத்து ஒன்று. இதற்காகக் குழந்தையை அழவைக்கவேண்டாம். குந்தி உட்கார்ந்து மலம் கழிக்க முக்கும்போது தானாகவே வரும். எங்கள் சர்ஜன் பன்னிரண்டு விநாடி வீடியோ ஒன்றைப் பார்த்தே பாதி முடிவுக்கு வந்துவிட்டார். அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அது உங்கள் குழந்தையின் அந்தரங்கம். டாக்டரிடம் காட்டியதும் அழித்துவிடலாம்.

வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்து "வெளிச்சம் ஊடுருவுது, வெறும் நீர்தான்" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. சின்னக் குழந்தையின் குடல் சுவர் மெல்லியது, அதிலும் வெளிச்சம் ஊடுருவும். அந்தச் சோதனையை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

2. எப்போது அப்படியே கிளம்பி ஓட வேண்டும்

குழந்தை அமைதியானதும், படுத்ததும், வீக்கம் மிருதுவாக உள்ளே போய்விடுகிறதா? நாள் பார்த்துச் செய்துகொள்ளலாம். வீக்கம் கல் மாதிரி இறுகி, உள்ளே போகாமல், தொட்டால் குழந்தை துடித்தால், வாந்தி எடுத்தால், வயிறு உப்பினால், மேல்தோல் சிவந்தால் அது வேறு கதை. குடல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விட்டால் அந்தத் துண்டுக் குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும். விதைக்கும் சேதம் வரலாம். பச்சையாக வாந்தி எடுத்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லை கையில் கிடைத்த வண்டியில் ஏறுங்கள்.

வழியில் பால், தண்ணீர் எதுவும் கொடுக்கக்கூடாது. உடனே மயக்க மருந்து கொடுக்கவேண்டி வரலாம். நீங்களே அழுத்தி உள்ளே தள்ளவும் கூடாது. மருத்துவமனையில் வலிக்கும் தூக்கத்துக்கும் மருந்து கொடுத்துப் பதமாகத் தள்ளுவார்கள். அது உள்ளே போய்விட்டால் வீட்டுக்கு அனுப்பாமல், வீக்கம் வடிய ஓரிரு நாள் விட்டு ஆபரேஷன் செய்வதுதான் வழக்கம். போகவில்லை என்றால் அன்றே.

இந்த ஆபத்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு அதிகம். பெண் குழந்தைக்குச் சில சமயம் சினைப்பையே இறங்கி, சின்ன உருண்டையாகத் தட்டுப்படும், உள்ளே போகாது, வலியும் இருக்காது. வலி இல்லையே என்று அதையும் விட்டுவைக்கவேண்டாம்.

3. யாரிடம் காட்டுவது

குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம். பீடியாட்ரிக் சர்ஜன் என்று கேளுங்கள். குழந்தைகள் டாக்டர் வேறு, இவர் வேறு, பெரியவர்களுக்கு ஹெர்னியா செய்யும் ஜெனரல் சர்ஜன் வேறு.

நாங்கள் முதலில் பார்த்த இடத்தில் "வளர வளர மூடிடும், ரெண்டு வயசு வரைக்கும் பாருங்க" என்று சொன்னார்கள். அந்த வார்த்தையை நம்பி மூன்று வாரம் சும்மா இருந்தோம். குழப்பம் எங்கே வருகிறது என்றால், தொப்புளில் வரும் குடலிறக்கம் பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாக மூடிவிடும். விதைப்பையில் வெறும் நீர் மட்டும் கோர்த்திருந்தால் அதற்கும் ஒன்றிரண்டு வருடம் பொறுப்பார்கள். தொடை இடுக்கில் வரும் குடலிறக்கம் தானாகச் சரியாகாது. மாத்திரை கிடையாது. பெல்ட் கட்டினாலும், காசு வைத்துக் கட்டினாலும், எண்ணெய் தேய்த்தாலும் மூடாது.

ஸ்கேன் எடுத்துக்கொண்டு போகலாமா? நாங்கள் போனோம், 1,200 ரூபாய். பையன் தூங்கும்போது எடுத்ததால் நார்மல் என்று வந்தது. அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தார்கள். சர்ஜன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவரே சந்தேகப்பட்டு எழுதினால் எடுங்கள்.

அரசு மருத்துவமனைக்குப் போவதென்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தத் துறை இருக்கிறதா, ஓ.பி. எந்தக் கிழமை என்று விசாரித்துவிட்டுப் போங்கள். தமிழக அரசின் 104 எண்ணிலும் கேட்கலாம். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர், தனியார் அறக்கட்டளை வகையில் வேலூர் சி.எம்.சி. என்று வழி இருக்கிறது. காலை ஏழரைக்கெல்லாம் ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்பவர்களுக்கு அன்றே வேலை முடியும்.

முதல் சந்திப்பிலேயே கேட்கவேண்டியவை: ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா? இறங்கவில்லை என்றால் அதையும் சேர்த்தே செய்துவிடுவார்கள். திறந்து செய்வதா, சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ரோஸ்கோப்பியா? திறந்து செய்தால் அடிவயிற்று மடிப்பில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கீறல். வளர்ந்தபின் மடிப்போடு மடிப்பாக மறைந்துவிடும். லேப்ரோஸ்கோப்பியில் மறுபக்கமும் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இரண்டும் நல்ல முறைதான். எது நவீனம் என்று பார்க்காமல், உங்கள் சர்ஜன் தினமும் எதைச் செய்கிறார் என்று பாருங்கள். அப்புறம், வலை. பெரியவர்களுக்கு அந்த இடத்தைத் தாங்க உள்ளே வைக்கிற வலையைக் குழந்தைகளுக்கு வைப்பதில்லை. திறந்திருக்கும் பையின் கழுத்தைக் கட்டிவிடுகிறார்கள், அவ்வளவே. எங்கள் சித்தப்பா தன் ஆபரேஷனை வைத்துச் சொன்ன பயமுறுத்தல் எல்லாம் இங்கே பொருந்தவில்லை.

4. தேதி குறிப்பது

கைக்குழந்தை என்றால் கண்டுபிடித்த ஓரிரு வாரத்துக்குள் முடிக்கவே பார்ப்பார்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு, வீக்கம் எளிதாக உள்ளே போகிறதென்றால், சில வாரம் தள்ளலாம். "ஆடி கழியட்டும்", "மொட்டை போட்டுக் காது குத்தினதுக்கப்புறம்" என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் வந்தது. மாட்டிக்கொண்ட குடலை நடுராத்திரி ஆபரேஷன் செய்வதற்கும், நல்ல நிலையில் இருக்கும்போது காலையில் முதல் ஆளாகச் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை சர்ஜன் சொன்னபிறகு அத்தையே காலண்டரை மூடிவைத்தார்.

குறைமாதக் குழந்தைக்கு மட்டும் கணக்கு வேறு. மயக்கத்துக்குப் பிறகு மூச்சு நின்று நின்று வரும் ஆபத்து இருப்பதால் எடை, மாதம் பார்த்து நாள் குறிப்பார்கள். ஓர் இரவு கண்காணிப்பில் வைப்பார்கள். பச்சிளம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஐ.சி.யு. இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

5. காசும் காகிதமும்

எங்கள் நாட்களைத் தின்றதில் இதுவும் ஒன்று.

தனியாரில் இரண்டு இடத்தில் கேட்டோம். ஒன்றில் திறந்த முறைக்கு 45,000 ரூபாய், இன்னொன்றில் லேப்ரோஸ்கோப்பிக்கு 78,000. முதல் இடத்தில் செய்தோம். கடைசியில் பில் 52,400. சொன்ன தொகையில் மருந்து, ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து டாக்டருக்கான கட்டணம் எல்லாம் அடக்கமா என்று கேட்காதது எங்கள் தவறு. நீங்கள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் இலவசம். போக்குவரத்து, சாப்பாடு, வேலைக்குப் போகாத நாட்கள்தான் செலவு. ஆனால் வரிசை உண்டு, வார்டில் இரண்டு மூன்று நாள் தங்கவேண்டி வரலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போகவேண்டும். இங்கே பலர் மாட்டுவது ஒரே இடத்தில்: ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் இல்லை. பெயர் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்புச் சான்றிதழைப் பார்த்தால் அதில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலி. பிறந்த ஓராண்டுக்குள் பெயரைப் பதிந்தால் கட்டணம் இல்லை, அப்புறம் தாமதக் கட்டணம். இன்றே உங்கள் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், ஆபரேஷன் இருக்கிறதோ இல்லையோ. எல்லாச் சிகிச்சையும் எல்லா மருத்துவமனையிலும் இந்தத் திட்டத்தில் வராது. சேர்வதற்கு முன் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள், அல்லது 1800 425 3993 என்ற இலவச எண்ணில்.

எங்களுக்கு இருந்தது கணவரின் கம்பெனி பாலிசி. மூன்று இடத்தில் தடுக்கியது. முதலாவது, பையனின் பெயர் பாலிசியில் சேரவே இல்லை. குழந்தை பிறந்ததும் ஹெச்.ஆருக்கு அனுப்பிய மெயிலுக்குப் பதில் வந்ததா என்று நாங்கள் பார்க்கவில்லை. இரண்டாவது, ஆதாரில் இனிஷியல் முன்னால், பாலிசியில் பின்னால், அதுவும் விரித்து அப்பா பெயராக. இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க நான்கு நாள். மூன்றாவதுதான் பெரியது: "இது பிறவிக் குறைபாடா?" என்று காப்பீட்டுக்காரர்களிடமிருந்து கேள்வி. பல பாலிசிகளில் வெளியே தெரியும் பிறவிக் குறை, உள்ளே இருக்கும் பிறவிக் குறை என்று பிரித்து, முதலாவதற்குப் பணம் இல்லை என்று எழுதியிருப்பார்கள். பொய்யாக எழுதித் தரச் சொல்லி டாக்டரை வற்புறுத்தாதீர்கள், அது பின்னால் உங்களையே கடிக்கும். குறை உள்ளே எங்கே இருக்கிறது என்று விளக்கி எங்கள் சர்ஜன் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தார், பணம் அனுமதியானது. கையுறை, முகக்கவசம், ஃபைல் என்று சில ஆயிரம் எங்கள் தலையில்.

தனியாக எடுத்த பாலிசி என்றால் ஹெர்னியாவுக்கு இரண்டு வருடக் காத்திருப்புக் காலம் இருப்பது சகஜம். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். 24 மணி நேரம் படுக்கவேண்டும் என்ற நிபந்தனை, ஒரே நாளில் முடியும் சிகிச்சைப் பட்டியலில் இது இருந்தால் பொருந்தாது.

6. மயக்க மருந்து டாக்டரைப் பார்ப்பது

ரத்த அணுக்கள், ரத்த வகை, ரத்தம் உறையும் நேரம் என்று சில பரிசோதனைகள். இதயத்தில் வேறு சத்தம் கேட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எழுதுவார்கள். அவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டியவை: எத்தனை மாதத்தில் பிறந்தான், மூச்சிரைப்பு உண்டா, வலிப்பு வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததா.

எங்கள் முதல் தேதி சளியால் போனது. மூக்கு ஒழுகினாலே தள்ளிவைப்பார்கள் என்றில்லை. நெஞ்சுச் சளி, காய்ச்சல், இருமல் என்றால் இரண்டு வாரமாவது தள்ளுவார்கள். முந்தைய வாரம் கல்யாண வீட்டுக்கு அழைத்துப்போனது நாங்கள்தான். தேதி குறித்தபின் கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். தடுப்பூசி அட்டையையும் காட்டுங்கள். ஊசிக் காய்ச்சலும் ஆபரேஷனும் ஒரே வாரத்தில் மோதாமல் நாளை மாற்றித் தருவார்கள்.

மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா என்று நான் இரவெல்லாம் யோசித்தேன். அவர் சொன்ன பதில் எனக்கு உதவியது: இதே குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த கைக்குழந்தைகளை வைத்தே ஏழு நாடுகளில் ஆய்வு செய்து, 2019-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பொது மயக்கம் பெற்ற குழந்தைகளுக்கும், முதுகில் ஊசி போட்டு உடம்பின் கீழ்ப்பகுதியை மட்டும் மரத்துப்போக வைத்தவர்களுக்கும் ஐந்து வயதில் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை.

7. முந்தின இரவு

பொதுவான கணக்கு: சாப்பாடு, பசும்பால், பவுடர் பால் 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்தவேண்டும். தாய்ப்பால் 4 மணி. தண்ணீர் 2 மணி. உங்கள் மருத்துவமனை வேறு கணக்குச் சொன்னால் அதுவே கணக்கு. கஞ்சித்தண்ணி, ஹார்லிக்ஸ், மோர் எதுவும் தண்ணீர்க் கணக்கில் வராது. வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும் என்பதுதான் பயம். "பாவம், ஒரு பிஸ்கட்" என்று நீட்டும் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

நான் எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். அலாரம் வைத்தேன். விடியற்காலை ஐந்தே கால் மணிக்குப் பையன் சிணுங்க, பாதித் தூக்கத்தில் நானே பால் கொடுத்துவிட்டேன். ஏழரைக்கு ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர் "கடைசியா எப்ப குடிச்சான்?" என்று கேட்டபோது ஒரு கணம் பொய் சொல்லத் தோன்றியது. உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, பட்டியலில் கடைசிக்குத் தள்ளினார். பதினொரு மணி வரை பசியில் அழுத குழந்தையை வைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். தாய்ப்பால் கொடுப்பவர்கள் அன்றிரவு குழந்தையை அப்பா பக்கத்தில் படுக்கவையுங்கள்.

8. அன்று

அரைஞாண் கயிறு, தாயத்து, கொலுசு, காப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். எங்கள் பையனின் கறுப்புக் கயிற்றை நர்ஸ் கத்தரிக்கோலால் வெட்டியபோது அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அதை வீட்டில் சாமி முன் அவரே அவிழ்த்திருந்தால் அந்தச் சங்கடம் வந்திருக்காது. கன்னத்து மை வேண்டாம்.

படிவத்தில் கையெழுத்துப் போடும்முன் எந்தப் பக்கம் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். வலது, இடது. தோலில் பேனாவால் குறி போடுவார்கள்; அதையும் பாருங்கள்.

மயக்கம் கொடுத்தபின் முதுகின் அடியில் ஓர் ஊசி போடுவார்கள். இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் வலி தெரியாது. விழித்ததும் பையன் யாரையும் அடையாளம் தெரியாத மாதிரி அரை மணி நேரம் கத்தினான். அது வலி அல்ல, மயக்கம் தெளியும் குழப்பம் என்று நர்ஸ் சொன்னார். கால் துவண்டிருந்தது, அதுவும் அந்த ஊசியால். மாலை நாலு மணிக்குப் பால் குடித்து, சிறுநீர் கழித்ததும் அனுப்பிவிட்டார்கள். 65 கிலோமீட்டர் தூரம் என்பதால் நாங்கள் அன்றிரவு மதுரையிலேயே உறவினர் வீட்டில் தங்கினோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

9. வீட்டில்

வலிக்குப் பாராசிட்டமால். இங்கே ஒரு பொறி உண்டு: சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம்; சிரப் 5 மில்லியில் 120 அல்லது 250. பாட்டில் மாறினால் அளவு பல மடங்கு மாறும். எடை பார்த்து, எந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி என்று சீட்டில் எழுதி வாங்குங்கள்.

விதைப்பை இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் வீங்கி, நீலம் பாய்ந்த மாதிரி இருக்கலாம். "திரும்ப இறங்கிடுச்சு" என்று பதறவேண்டாம். காய்ச்சல், காயத்தில் சீழ், சிவப்பு பரவுதல், ரத்தம் நிற்காமல் கசிதல், தொடர்ந்து வாந்தி இருந்தால் அன்றே கூப்பிடுங்கள். தையல் தானே கரைந்துவிடும். டயப்பரைத் தளர்த்திக் கட்டுங்கள், ஈரமானதும் மாற்றுங்கள். எப்போது குளிக்கவைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு மூன்றாம் நாள். பத்தியம் எதுவும் கிடையாது, மலம் இறுகாமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த வயதுக் குழந்தையைப் படுக்கையில் கட்டிவைக்க முடியாது, தேவையும் இல்லை. மறுநாளே எங்கள் பையன் நாற்காலியில் ஏறினான். பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒரு வாரத்தில் போகலாம். சைக்கிளும் ஓட்டப்பந்தயமும் மட்டும் மூன்று நாலு வாரம் வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் பெயரும் இனிஷியலும் பாலிசியில் இருப்பது போலவே இருக்கின்றனவா என்று கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பாருங்கள். ஆபரேஷனுக்கு முந்திய 30 நாள், பிந்திய 60 நாள் மருந்து, பரிசோதனைச் செலவையும் எங்கள் பாலிசியில் கேட்கமுடிந்தது. உங்களுடையதில் எத்தனை நாள் என்று பார்த்து, பில்களைச் சேர்த்துவையுங்கள்.

ஏழாம் நாள் காட்டப் போனோம். சர்ஜன் காயத்தைப் பார்த்துவிட்டு, இனி வரவேண்டாம் என்றார். சரிசெய்த பக்கம் திரும்ப வருவது அரிதாம். ஆனால் சில குழந்தைகளுக்குப் பின்னால் மறுபக்கம் வரலாம், குளிப்பாட்டும்போது இடது பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அத்தை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது பையன் குளிக்கும்போது தினமும் அவர் இடுப்பில் என் போன் செருகியிருக்கிறது.